ரகுவைச் செய்வோம்: அட்டை, மைதாப் பசை, ஒரு பிடி செம்மண்

(திரையில்: மேசை மேல் பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கட்டுக்கம்பி, ஒரு கிண்ணம் செம்மண்.)

வணக்கம். குன்னூரிலிருந்து பேசுகிறேன். இன்று வீட்டில் கிடக்கும் பொருள்களை வைத்து ஒரு யானைக்குட்டி செய்யப் போகிறோம். ஏதோ ஒரு யானைக்குட்டி அல்ல, நம் ரகு. 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும். தாயைப் பிரிந்து, காயத்தோடு முதுமலை தெப்பக்காடு முகாமுக்கு வந்தவன். காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் அவனைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய அந்தத் தமிழ் ஆவணப்படம் 2022இல் வந்தது, 2023இல் ஆஸ்கர் வாங்கியது. நம் மலையில் வளர்ந்த கதாநாயகன் என்பதால் எனக்கு அவன் மேல் தனிப் பிரியம்.

சினிமா பாத்திரத்தைச் செய்ய உட்கார்ந்தால் பெரும்பாலோர் முகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து முடித்தாலும் ஆள் வந்திருக்க மாட்டார். அதனால் வண்ணத்தை ஓரமாக வையுங்கள். முதலில் அந்தப் பாத்திரத்தை வெறும் கறுப்பு நிழலாக வரைந்து பாருங்கள். நிழலிலேயே அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

(திரையில்: தலையில் பானையோடு குனிந்து நிற்கும் ஒரு மனிதனின் நிழல்.)

இது யார்? 'மூன்றாம் பிறை' சீனு. 1982இல் வந்த படம், கேத்தி ரயில் நிலையத்துக் கடைசிக் காட்சி. முகமே வரையவில்லை, ஆனாலும் அந்தப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பானையும் குனிந்த முதுகும் போதும்.

சரி, ரகுவின் நிழல் எப்படி இருக்கும்? குட்டி என்பதால் உடம்புக்குத் தலை பெரியது, துதிக்கை குட்டை. தலையில் கம்பி கம்பியாக முடி. அப்புறம் காது. இங்கேதான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்களில் பல ஆப்பிரிக்க யானை. அதற்குக் காது தோளையே மூடும், முதுகு நடுவில் பள்ளமாக இருக்கும். நம் ஆசிய யானைக்குக் காது சிறியது, முதுகு மேல்நோக்கி வளைந்தது, நெற்றியில் இரண்டு மேடு. துதிக்கை நுனியில் ஒரே ஒரு விரல் போன்ற நீட்சிதான், ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. இவ்வளவையும் கவனித்தால்தான் முதுமலை யானை வரும்.

இன்னொன்று, படம் முழுக்க ரகு யார் மேலாவது சாய்ந்துகொண்டோ உரசிக்கொண்டோதான் இருப்பான். அவனை நேராக நிற்க வைத்தால் கடை பொம்மை ஆகிவிடும். உடம்பைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்து, துதிக்கையை அதே பக்கம் திருப்பிவிடுங்கள்.

இந்தக் கவனிப்புக்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டில் ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் செய்கிறார்கள். உண்ணிச்செடி அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து அழகுச் செடியாக வந்து நம் காட்டைப் பிடித்துக்கொண்டது. தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, வளைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு உருவமும் அங்கே நடமாடும் ஒரு குறிப்பிட்ட யானையைப் பார்த்துச் செய்தது. 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் அமெரிக்கா போயின. காட்டு யானையைத் தனித்தனி ஆளாக அடையாளம் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அந்த மரியாதையை நாமும் ரகுவுக்குக் கொடுக்கலாம்.

(திரையில்: அளவு எழுதிய வரைபடம். கால் 10 செ.மீ., உடம்பின் நீளம் 20, தலை 11, காது 8, துதிக்கை 12.)

முதலில் எலும்புக்கூடு. வேலியோரம் வெட்டிப் போட்ட காய்ந்த உண்ணிக்குச்சி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். முள் இருக்கும், பெரியவர்கள் சீவிக் கொடுங்கள். இதற்காகக் காட்டுக்குள் போகக் கூடாது, காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுக்க அனுமதியும் இல்லை. குச்சி கிடைக்காவிட்டால் அட்டையை இறுக்கமாகச் சுருட்டினாலே கால் ஆகிவிடும். தெர்மாகோல் வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கும்போது நாமே ஒரு குப்பையைச் செய்து வைப்பானேன்?

செய்தித்தாளைக் கசக்கி, உருட்டி, சணலால் கட்டினால் உடம்பு. தலை தனி உருண்டை. துதிக்கைக்குக் கட்டுக்கம்பியைச் சுற்றிக் காகிதம். கம்பி இருப்பதால் பிறகு எந்தப் பக்கமும் வளைக்கலாம். எல்லாவற்றையும் காகித டேப் போட்டு இணைத்துவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். ரகு தெரிகிறானா? தெரியாவிட்டால் இப்போதே பிரித்துக் கட்டுங்கள். பசை போட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு.

பசைக்கு ஒரு டம்ளர் மைதா, நான்கு டம்ளர் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் இறக்குங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்காதீர்கள். நம் ஊர்ப் பனியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஆறியதும் சில சொட்டு நீலகிரித் தைலம் விடுங்கள். அதுவும் வாய்க்கும் கண்ணுக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தை விரல் அகலத்தில் கிழித்து, பசையில் நனைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். கத்தரியால் வெட்ட வேண்டாம். கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். மூன்று அடுக்கு போதும், ஆனால் ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. சமவெளியில் ஒரு நாள் வெயிலில் முடிகிற வேலை இது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி மழையில் ஓர் அடுக்குக்கே இரண்டு மூன்று நாள் ஆகலாம். கூடலூரில் இருப்பவர்கள் ஆடி மாதத்தில் தொடங்கவே வேண்டாம். அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மேல்தோல் மட்டும் காயும், உள்ளே ஈரம் தங்கி அழுகும். மின்விசிறிக் காற்றுதான் நல்லது.

(திரையில்: விரலால் செம்மண் பூசும் கை.)

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் பழுப்பும் கலந்து சாம்பல் நிறம் அடியுங்கள். காய்ந்ததும், சலித்த செம்மண்ணைத் தண்ணீர் விட்ட பெவிகாலில் குழைத்து முதுகிலும் நெற்றியிலும் விரலால் தேயுங்கள். யானை தன் மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும், வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் பாதுகாப்பு. சாம்பல் நிறத்தோடு விட்டால் உயிரில்லாமல் இருக்கும். மண் ஏறியதும் குட்டி காட்டிலிருந்து வந்துவிடுவான். காதிலும் துதிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளி வைக்காதீர்கள், அது வயதான யானைக்கு வருவது.

தலைமுடிக்கும் வால் நுனிக்கும் தேங்காய் நார். கண்ணுக்கு மிளகு, மேலே கொஞ்சம் நகப்பூச்சு. நகத்துக்குப் பூசணி விதையைப் பாதியாக வெட்டி ஒட்டுங்கள், முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு.

ரகு சாய ஆள் வேண்டுமே. பொம்மனை முழுதாகச் செய்ய நேரமில்லை என்றால், நீட்டிய ஒரு கையை மட்டும் அட்டையில் வெட்டி, துதிக்கை நுனி தொடும் இடத்தில் நிறுத்துங்கள்.

இதே முறையில் 'மூன்றாம் பிறை'யின் நாய்க்குட்டி சுப்பிரமணியையும் பழைய கம்பளி ஸ்வெட்டரில் தைக்கலாம். அவனையும் தனியாக உட்கார வைக்காதீர்கள், இரண்டு கைகளுக்குள் வையுங்கள்.

வரைபடம் இன்னும் ஒரு நிமிடம் திரையில் இருக்கும். நிறுத்திவைத்து அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த பொம்மையை ஈரச் சுவரை ஒட்டி வைக்காமல், காற்றுப் படும் அலமாரியில் வையுங்கள்.