கழுதை வண்டியில் தொடங்கிய அகராதி

வணக்கம் நேயர்களே. ஒரு சின்னப் பையனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு பக்கம், 6 வயசு, பெயர் ஜோசப் ரைட். கல்குவாரியில் மழுங்கிப்போன கருவிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கொல்லன் பட்டறையில் தீட்டி வாங்கி வருவதுதான் வேலை. அப்புறம் ஆலைக்குப் போனான். 15 வயசில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டான். அந்தப் பையன்தான் பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, ஆங்கில வட்டார வழக்குகளுக்கு 1898 முதல் 1905 வரை 6 தொகுதிகளில் அகராதி போட்டார்.

வண்டியை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த புல்லை ஏற்றினால் வண்டி கொள்ளாது, அதனால் சுமை பிதுங்கி நிற்க முன்னும் பின்னும் மரச்சட்டம் மாட்டுவார்கள். செஷயர், ஷ்ராப்ஷயர்க்காரர்களுக்கு அது ‘த்ரிப்பிள்ஸ்’, யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் ‘ஷெல்விங்ஸ்’, வேறு சில ஊர்களில் ‘ரேவ்ஸ்’. ஒரே சட்டம்தான், ஆனால் நாலு ஊர் தள்ளிப்போய் த்ரிப்பிள் என்று கேட்டால் முழிப்பார்கள். வண்டியின் இரண்டு கைமரங்களுக்கு ‘தில்’ என்று ஒரு பழைய பெயர், அதற்கு நடுவே பூட்டும் குதிரை ‘தில்லர்’. வாய்க்கு வாய் மாறி அது ‘ஃபில்லர்’ என்றும் ஆனது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் டாபின் என்ற குதிரை வருகிறதே, அதுவும் இப்படி ஒரு ‘ஃபில்’ குதிரைதான்.

ரைட்டுக்கு அப்புறம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்டன் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். 1950லிருந்து 1961 வரை, 313 இடங்கள், பெரும்பாலும் கிராமங்கள். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த கிழவர்களாகப் பிடித்து, வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் காட்டியோ விவரித்தோ ‘இதை என்னவென்று சொல்வீர்கள்?’ என்று கேட்பார்கள். கேட்பவர் அந்தச் சொல்லை மட்டும் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது. இன்னொரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஆளுக்குப் பல்லும் காதும் நன்றாக இருக்க வேண்டும்! பல் போனால் சொல் போச்சு என்று நாம் சும்மாவா சொன்னோம்? டிராக்டர் வந்து குதிரைகளை லாயத்திலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்த நேரம் அது, பத்து இருபது வருஷம் தாமதித்திருந்தால் பதில் சொல்ல ஆள் தேடியிருப்பார்கள்.

வயலில் வேலைக்கு நடுவே சாப்பிடுவதற்கு எத்தனை பெயர்கள் தெரியுமா? கிழக்கே ஃபென் சமவெளியில் ‘டாக்கி’. அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் வந்த பெயர் என்பார்கள் ஊர்க்காரர்கள், எனக்கு அது பின்னால் கட்டிய கதை மாதிரிதான் தோன்றுகிறது. எஸெக்ஸ், சஃபோக் பக்கம் ‘பீவர்’. குடிப்பதற்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஆக முதலில் சாப்பாட்டை விட பீர்தான் முக்கியமாக இருந்திருக்கும். வடக்கே ‘பேட்’. வழியில் வண்டியை நிறுத்திக் குதிரைக்குத் தீனி வைப்பதற்கும் அதே சொல்தான்.

குதிரை போய்விட்டது. டர்ஹாம், நியூகாசில் பக்கம் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை இன்றைக்கும் பேட் என்றுதான் சொல்கிறார்கள்.