சுண்டைக்காய் அளவு காட்டுத் தக்காளி: விதைப்பு, பந்தல், பறிப்பு, சமையல்

வணக்கம்ங்க. கையில இருக்கறதைப் பாருங்க. சுண்டைக்காய் அளவுதான், ஆனா நல்லாப் பழுத்த தக்காளி. ஒரு பழம் ஒண்ணு, ஒன்றரை கிராம் நிக்கும். நூறு பழம் பறிச்சா ஒரு டம்ளர் நிறையும், அவ்வளவுதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இது மணத்தக்காளி இல்ல. சொடக்குத் தக்காளியும் இல்ல. கடையில டப்பாவுல விக்கற செர்ரி தக்காளி கூட இல்ல, அது இதைவிடப் பல மடங்கு பெருசு. இதோட தாவரப் பேரு சொலானம் பிம்பினெல்லிஃபோலியம். பெரு, எக்வடோர் நாட்டுக் கடலோரப் பகுதியில தானா முளைச்சுக் கிடக்கற செடி. நாம சாம்பாருக்குப் போடற தக்காளிக்கு இதுதான் மூதாதை. 2012-ல தக்காளியோட மரபணுத் தொகுப்பை வெளியிட்டப்ப, ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காட்டு ரகத்தோட மரபணுவையும் சேர்த்துத்தான் படிச்சாங்க.

ஏன் இதைச் சொல்றேன்னா, வறண்ட, சத்துக் குறைஞ்ச மண்ணுல வாழ்ந்து பழகின செடி இது. பெரிய தக்காளிக்குப் போடற அளவு உரத்தை இதுக்கும் போட்டா தண்டு விரல் தடிமனுக்குப் போகும், இலை கரும்பச்சையாத் தழையும், பூ மட்டும் வராது. மாடித்தோட்டத்துல இந்தச் செடி காய்க்காமப் போறதுக்கு முக்கால்வாசிக் காரணம் நாம கொடுக்கற கூடுதல் தீனிதான்.

அதனால மண் கலவை இப்படி வெச்சுக்கோங்க. செம்மண் ரெண்டு பங்கு, நல்லாக் கழுவின தேங்காய் நார்க்கழிவு ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரே ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. பை 15-க்கு 15 அங்குலம் இருக்கணும், ஒரு பைக்கு ஒரு செடி. நார்க்கழிவைக் கழுவாம போடாதீங்க, அதுல உப்பு தங்கியிருந்தா நாத்தோட இலை நுனி கருகும். பூ எடுக்கற வரைக்கும் மேலுரமே வேண்டாம். பூ வந்ததுக்கு அப்புறம் 15 நாளைக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஒரு ஸ்பூன் விறகுச் சாம்பல். மீன் அமிலத்தை (மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்க வெச்சு எடுக்கற கரைசல்) வாராவாரம் ஊத்தறதை இந்தச் செடிக்கு மட்டும் நிறுத்திடுங்க.

விதைக்கற நேரம் ரொம்ப முக்கியம். ஆடிக் கடைசி, ஆவணியில விதைச்சா கார்த்திகை, மார்கழியில பறிக்கலாம், மாசி வரைக்கும் ஓடும். தையில விதைச்சா பூக்கறப்ப சித்திரை வந்துடும். பகல்ல 35 டிகிரி, ராத்திரியில 25 டிகிரின்னு தாண்டறப்ப மகரந்தம் கெட்டுப்போய்ப் பூ காம்போட கொட்டும். அதுக்கு எந்த டானிக்கும் வேலை செய்யாது. ஆவணி விதைப்புக்கு ஐப்பசி அடைமழைதான் சிக்கல். பையை ரெண்டு செங்கல் மேல ஏத்தி வெச்சு, அடியில துளை அடைக்காம இருக்கான்னு பார்த்துட்டா தாங்கும்.

விதை ரொம்பப் பொடிசு. குழித்தட்டுல குழிக்கு ரெண்டு விதை, கால் அங்குலத்துக்கு மேல ஆழம் போகக் கூடாது. அஞ்சுல இருந்து எட்டு நாள்ல முளைக்கும். தண்டு ஊசி மாதிரி மெலிசா இருக்கும், அதுதான் இதோட இயல்பு, பயப்பட வேண்டாம். 25, 30 நாள்ல, அஞ்சாறு இலை வந்ததும், தண்டுல பாதி மண்ணுக்குள்ள போற மாதிரி சாயங்கால நேரத்துல நடுங்க. புதைஞ்ச தண்டுல எல்லாம் வேர் விடும்.

இப்ப பந்தல். இங்கதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. பெரிய தக்காளியில பக்கக் கிளையைக் கிள்ளி ஒத்தைத் தண்டா ஏத்துவோம் இல்லையா, அதை இங்க பண்ணாதீங்க. இதுல பழம் சின்னது, ஆனா கொத்து நிறைய. கிளை எவ்வளவோ அவ்வளவு கொத்து. தரையில இருந்து ஒரு முழம் வரைக்கும் வர்ற கிளையை மட்டும் எடுத்துட்டு, மேல நாலஞ்சு கிளையை விட்டு, ஆறடி உயரத்துக்கு வலை கட்டி விசிறி மாதிரி விரிச்சு விடுங்க. குச்சி ஒண்ணு நட்டு எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினா உள்பக்கம் காத்து போகாது. மாவுப்பூச்சி அங்கதான் குடியேறும்.

நோய் விஷயத்துல ஒரு நம்பிக்கை உலாவுது, காட்டு ரகத்துக்கு எதுவும் வராதுன்னு. பாதி உண்மை. இலைப்பூசணம், பின்பருவக் கருகல் மாதிரி நோய்களைத் தாங்கற மரபணுக்களை இந்த இனத்துல இருந்துதான் எடுத்துப் பெரிய தக்காளிக்குக் கொண்டு போனாங்க. ஆனா எல்லாக் காட்டு விதையிலயும் அந்தக் குணம் இருக்காது. நம்ம ஊர்ல தக்காளியை அழிக்கற இலைச்சுருள் வைரஸுக்கு உண்டான எதிர்ப்பு, பெரும்பாலும் வேற காட்டு இனங்கள்ல இருந்து வந்தது. அதனால நுனி இலை சுருண்டு, மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி குவிஞ்சா அந்தச் செடியைப் பிடுங்கி மூட்டை கட்டி எடுத்துடுங்க. பரப்பறது வெள்ளை ஈ. நட்ட அன்னைக்கே மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்க, முதல் 45 நாள்தான் ஆபத்தான காலம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம், இலைக்கு அடியில படற மாதிரி வாரம் ஒரு தடவை, வெயில் இறங்கினதுக்கு அப்புறம். காயோட அடி கறுக்கற பிரச்சினை இந்த அளவு பழத்துல அனேகமா வராது, அது ஒரு நிம்மதி.

காலையில ஒம்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தைச் சுண்டி விடுங்க. தேனீ வராத மாடியில இதுவே போதும்.

பறிப்பு பொறுமையான வேலை. ஒரே கொத்துல நுனியில பூ, நடுவுல காய், மேல பழம்னு இருக்கும், கொத்தோட வெட்ட முடியாது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, அடியில ஒரு பழைய வேட்டியை விரிச்சு வலையை லேசா உலுக்குங்க. நல்லாப் பழுத்தது மட்டும் உதிரும். மழைக்கு முந்தின நாள் பறிச்சுடுங்க, இல்லேன்னா தோல் வெடிச்சு எறும்பு மொய்க்கும். ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, வாசனை போயிடும். அகலமான தட்டுல பரப்பினா நாலு நாள் தாங்கும். பச்சைக் காயைக் கூட்டுக்கு, பொரியலுக்குன்னு எடுக்க வேண்டாம், அதுல டொமாட்டின்ங்கற கசப்புப் பொருள் அதிகம்.

சமையல்ல ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. சதை கம்மி, தோலும் விதையும் ஜாஸ்தி. மிக்ஸியில அரைச்சுக் குழம்பு வெச்சா திப்பி திப்பியா வரும், விதை அரைஞ்சு லேசாக் கசக்கும். ரசத்துக்கு ஒரு டம்ளர் பழத்தைக் கையால நசுக்கி, வடிகட்டியில பிழிஞ்சு சாறு மட்டும் எடுங்க. நாலு பேர் ரசத்துக்குச் சரியா இருக்கும், புளியைப் பாதியாக் குறைச்சுக்கோங்க. அதைவிட ருசி முழுசாப் போடறதுதான். இரும்புச் சட்டியில ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, வர மிளகாய், பூண்டு நாலு பல், ரெண்டு டம்ளர் பழம், உப்பு. மூடி போட்டு மிதமான தீயில நாலு நிமிஷம். மூடாம வதக்கினா வெடிச்சு எண்ணெய் தெறிக்கும். தோல் சுருங்கி சாறு கட்டினதும் இறக்கிடுங்க, தயிர் சாதத்துக்கு இது மாதிரி தொட்டுக்க வேற இல்ல.

வத்தல் போடணும்னா முழுசாக் காயவெக்காதீங்க, தோல் ஈரத்தை வெளிய விடாது, உள்ள பூசணம் பிடிக்கும். ரெண்டா நறுக்கி, உப்புத் தூவி, நாலு நாள் நல்ல வெயில்.

கடைசியா விதை. சில செடியில சூலகமுடி, அதாவது பூவோட நடுவுல மகரந்தத்தை வாங்கற நுனி, அதைச் சுத்தி இருக்கற மகரந்தப்பைக் கூம்பைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கும். அப்படி இருந்தா தேனீ பக்கத்துப் பெரிய தக்காளியோட மகரந்தத்தைக் கொண்டு வந்து கலந்துடும், அடுத்த தலைமுறைப் பழம் பெருசாகும். அதனால பூ விரியறதுக்கு முன்னாடியே ஒரு கொத்துக்கு மெல்லிசு துணிப்பை கட்டி, தினமும் சுண்டி விட்டு, காய் பிடிச்சதும் பையை அவிழ்த்துட்டு ஒரு கலர் நூல் கட்டிடுங்க. அந்தப் பழத்தை மட்டும் டம்ளர்ல பிழிஞ்சு ரெண்டு நாள் புளிக்க விடுங்க. மூணாவது நாளும் விட்டா உள்ளயே முளைக்க ஆரம்பிக்கும். டீ வடிகட்டியில அலசி, தட்டுல நிழல்ல உலர்த்துங்க, காகிதத்துல போட்டா ஒட்டிக்கும். ஒரு வாரம் கழிச்சு கண்ணாடிப் பாட்டில்ல கொஞ்சம் சாம்பலோட போட்டு, வருஷத்தை எழுதி ஒட்டி வையுங்க. நாலு வருஷம் வரைக்கும் நல்லா முளைக்கும்.