எண்ணெய்க் கையோடு 20 நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குக் குரல் கொஞ்சம் தணிந்துதான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் மாமா தூங்குகிறார். இப்போது மத்தியானம் மணி 3.40. 4 மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடையில் இருக்கிற இந்த 20 நிமிடத்தில் உங்களோடு பேசிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் தெளிவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வாய் வராது. ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 7 ஆகிவிடும். ஆக, பகல் முழுக்க நானும் மாமாவும்தான்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. எங்கேயும் போக முடியாது, பணம் செலவழிக்கவும் முடியாது. வீட்டுக்குள்ளேயே என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்து, எனக்குப் பிடி கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஐப்பசி, அடைமழை. நாலு நாளாகத் துணி காயவில்லை. அப்போதுதான் மாமாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றியிருந்தேன். கடைசி உலர்ந்த விரிப்பு அதுதான். கஞ்சி கொடுக்க ஆரம்பித்தேன். நாலாவது ஸ்பூனோ ஐந்தாவதோ, வேண்டாம் என்று இடது கையால் தள்ளினார். கிண்ணம் கவிழ்ந்து விரிப்பு, மெத்தை, அவர் சட்டை எல்லாம் கஞ்சி. “எத்தனை தடவைதான் மாத்துறது மாமா?” என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி 17 வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. முகத்தை மட்டும் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தத் திரும்பல் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மேடையில் காலையில் எனக்கு எடுத்து வைத்த இரண்டு இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது. மணி மத்தியானம் 3. அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது: காலையிலிருந்து ஒரு டம்ளர் காபியைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை. முந்தின இரவு சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. நான் கத்தியது கஞ்சிக்காக இல்லை.

அதனால் நான் முதலில் மாற்றியது சாப்பாட்டு நேரத்தைத்தான். இப்போது 12 மணிக்கு நான் சாப்பிடுகிறேன், 12.45க்கு மாமாவுக்குக் கொடுக்கிறேன். நோயாளி பட்டினியாக இருக்கும்போது நீ எப்படி முதலில் சாப்பிடலாம் என்று சில பேருக்குத் தோன்றும். எனக்கும் முதல் ஒரு வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பக்கவாதம் வந்த பல பேருக்கு விழுங்குவதே சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அவர் விழுங்கிவிட்டாரா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எங்கள் வீட்டில் அதற்கு 40 நிமிடம் ஆகிறது. பசியோடு இருக்கிறவளுக்கு அந்த 40 நிமிடப் பொறுமை வராது. என் வயிறு நிறைந்திருந்தால் அவருக்கும் அது பாதுகாப்புதான்.

இதோ, கேமராவைத் திருப்புகிறேன். இந்த முக்காலிதான் என் இடம். எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். முன்பெல்லாம் அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே, பாத்திரத்திலிருந்து நேராக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். இப்போது தட்டில் போட்டு, உட்கார்ந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ரசம் சோறும் ஒரு பொரியலும் போதும்.

சரி, அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணெய்க் குளியல்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளும் வீட்டுக்காரரும் கிளம்பிய பிறகு, மாமாவைத் துடைத்து, சட்டை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு ஆரம்பிப்பேன். இந்தச் சின்ன இரும்புக் கரண்டி தெரிகிறதா? இதில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலைந்து மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, சிறுதீயில் வைப்பேன். மிளகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும். கை பொறுக்கிற சூடு வந்த பிறகு முதலில் உச்சந்தலை, அப்புறம் காது மடல், பின்கழுத்து, கடைசியில் உள்ளங்கால். தோள்பட்டையில் மட்டும் நிறைய நேரம் தேய்ப்பேன். மாமாவைத் தூக்கித் தூக்கி அங்கேதான் எனக்கு எப்போதும் இறுக்கம். கட்டை விரலை வைத்து அழுத்தினால் ‘இங்கே, இங்கே’ என்று உடம்பே இடம் காட்டும்.

அப்புறம் 20 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இதில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணெய்க் கையோடு போனைத் தொட முடியாது. துணி மடிக்க முடியாது. வெங்காயம் நறுக்க முடியாது. கதவு தட்டினால்கூட, “எண்ணெய் தேய்ச்சிருக்கேன், அப்புறம் வாங்க” என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் வீடுகளில் ஒரு பெண் ‘கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்’ என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஒரு கேள்வியும் வராது. மாமாவின் அறைக்கு எதிரே, நடையில் ஒரு மணை போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் என்னைப் பார்க்கலாம், நான் அவரைப் பார்க்கலாம். பின்கட்டில் பவழமல்லிக் கிளை தெரியும். அவ்வளவுதான்.

பிறகு சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்து, வெந்நீரில் குளித்துவிடுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை. குளியலறைத் தரையில் எண்ணெய் சொட்டினால் வழுக்கும். ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கும்போது நாமும் விழுந்துவிடக் கூடாது.

தூக்கத்துக்கு வருகிறேன். படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமாவைத் திருப்ப வேண்டும். முதல் ஆறு மாதம் ராத்திரி முழுக்க நானே எழுந்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறவர், பாவம் என்று நினைத்தேன். இப்போது முறை போட்டுக்கொண்டோம். 10 மணிக்குத் திருப்பிவிட்டு நான் மகள் அறையில் போய்ப் படுத்துவிடுவேன். 12 மணியும் 2 மணியும் அவர். 4 மணிக்கு நான். நடுவில் எனக்குச் சேர்ந்தாற்போல் ஐந்தரை மணி நேரம் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பார்கள். மீதியை மத்தியானம் கொஞ்சம் கண் அசந்து ஈடு கட்டுகிறேன். துண்டு துண்டாகத் தூங்கிய காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம் என் முகத்திலேயே தெரியும், பழைய வீடியோவைப் பாருங்கள்.

மாலை 5 மணிக் காபியை நிறுத்தியதும் இதற்காகத்தான். குடித்த காபியின் வேகத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். 10 மணிக்குப் படுக்கிறவளுக்கு அது ஒத்து வராது. இப்போது சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டு ஒரு டம்ளர். பெயர்தான் சுக்கு காபி, காபித்தூள் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

மூச்சுப் பயிற்சி பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். குக்கரில் பருப்பு வேகிற நேரம் போதும்.

இனி சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்த ஒன்று. உதவி கேட்பது. என் நாத்தனார் தஞ்சாவூரில் இருக்கிறார். ஒரு வருடமாக, அவராக வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை என்று உள்ளுக்குள் வருத்தம். கடைசியில் ஒரு நாள் போன் செய்து, “அண்ணி, மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, மத்தியானம் 2 மணியிலிருந்து 6 மணி வரைக்கும் மாமாவைப் பார்த்துக்க வர முடியுமா?” என்று கேட்டேன். ஒரு நொடி பேச்சே இல்லை. “இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா? நான் வந்தா உனக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன்மா” என்றார். இப்போது மாதாமாதம் வருகிறார். ‘கொஞ்சம் உதவி பண்ணுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நாள், மணி, வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். கேட்கப்படுகிறவருக்கும் அது எளிது.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கைதான், முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி மாமாவைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தார். என் இடுப்பு வலி பாதி குறைந்தது அதனால்தான்.

அப்புறம், எண்ணெயும் சுக்குக் காபியும் போதாத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துப் போய்விடலாமா என்று ஓர் எண்ணம் தலை காட்டுகிறது என்றால், தயவுசெய்து தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மனஸ் என்று பெயர், அரசு நடத்துகிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் மார்கழியில் ஒரு ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண், “நீங்க இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல், அழுது முடிக்கும்வரை இருந்தார்.

மணி 3.58. உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது, மாமா விழித்துவிட்டார். போன வாரம் கஞ்சி கொடுத்து முடித்ததும் இடது கையால் என் கையைப் பிடித்து, சமையலறைப் பக்கம் காட்டினார். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்தேன், இல்லை என்று தலையசைத்தார். நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “12 மணிக்கே சாப்பிட்டுட்டேன் மாமா” என்றேன்.

சரி, நான் போய் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.