புயல் போனபின் வரும் வெள்ளம்: கடலூரில் மீட்பவர்களை யார் காப்பது?

[காட்சி: கடலூர் மாவட்ட வரைபடம். ஆறுகள் ஒவ்வொன்றாக நீல நிறத்தில் தெரிகின்றன.]

வணக்கம். கடலூருக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. 2004 சுனாமியும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும் கிழக்கே கடலிலிருந்து வந்தவை. மேற்கிலிருந்து தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் மழைநீரைச் சுமந்துகொண்டு இந்தக் கரைக்குத்தான் வந்து சேர்கின்றன.

இரண்டும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. காற்று தணிந்ததும் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அதே மழை உள்மாவட்டங்களில் கொட்டி, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையை நிரப்பியது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேறியது. தென்பெண்ணை கரை மீறிக் கடலூரின் தாழ்வான ஊர்களுக்குள் புகுந்தது.

[காட்சி: நாள்காட்டி. நவம்பர் 29 முதல் டிசம்பர் 3 வரை.]

இந்த நாள்காட்டியைப் பாருங்கள். 29ஆம் தேதி மக்களை முகாமுக்கு அழைத்து வந்தவர், 30ஆம் தேதி விழுந்த மரத்தை அறுத்தவர், 1ஆம் தேதி தேங்கிய நீரை இறைத்தவர், 2ஆம் தேதி படகில் ஏறியவர். இவர்கள் நால்வரா, ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் நம் முன்தயாரிப்பில் ஓட்டை இருக்கிறது. இந்த வீடியோ அந்த ஓட்டையைப் பற்றியது.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03. அந்த வரம்பைத் தாண்டிய ஒருவரிடம் படகையும், மரம் அறுக்கும் இயந்திரத்தையும், மின்கம்பத்தையும் ஒப்படைக்கிறோம். அவருடைய வீரத்தை மெச்சிக்கொண்டே ஒப்படைக்கிறோம் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

‘அண்ணே, நீங்கள் போய்ப் படுங்கள்’ என்று குழுவில் இளையவர் மூத்தவரிடம் சொல்ல மாட்டார். சொன்னாலும் மூத்தவர் கேட்க மாட்டார். ஊரே தண்ணீரில் நிற்கும்போது தூங்கப் போவது அவருக்குக் கூச்சமாக இருக்கும். எனவே ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. யார் எப்போது இறங்குவது, யார் எப்போது கரையேறுவது என்பது புயல் உருவாவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடலூரில் இந்த அட்டவணை புயல் கரையைக் கடக்கும் நாளோடு முடியக் கூடாது; ஆற்று வெள்ளத்துக்காக அதன்பின் மூன்று நாட்களாவது நீள வேண்டும்.

[காட்சி: முழங்கால் ஆழ நீரில் நடக்கும் கால்கள்.]

அடுத்து, கால்கள். வெள்ளநீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது, எலியின் சிறுநீரும் கலந்திருக்கிறது. நாள் முழுதும் ஊறிய காலில் சேற்றுப்புண் வரும். அந்த வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி எளிதாக நுழையும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தலைகாட்டும். அதற்குள் வெள்ளம் வடிந்திருக்கும், செய்தியும் ஓய்ந்திருக்கும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடும் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போகிறவர், ‘நான் வெள்ளநீரில் இறங்கி வேலை செய்தேன்’ என்று தாமாகவே சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றும். நீரில் தொடர்ந்து நிற்கும் பணியாளர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை தடுப்பாகத் தரப்படுவது உண்டு. மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மாற்று உடை, காலைத் துடைக்க ஒரு துண்டு. இவ்வளவுதான் செலவு.

[காட்சி: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம்.]

குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். கலங்கிய நீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், வழக்கமான அளவு பிளீச்சிங் பவுடர் வெள்ளக் காலத்தில் போதாது. கலந்து அரை மணி நேரம் விட்டு, தெருக்கோடிக் குழாயில் சோதித்துப் பார்க்க வேண்டும். தொட்டியை இயக்குபவரை மீட்புப் பணியாளராக யாரும் நினைப்பதில்லை. எனக்கு அவர் முதல் வரிசை ஆள்.

நிவாரண முகாம்களுக்கு நாட்டில் குறைந்தபட்சத் தரங்கள் உண்டு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டவை: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. இந்தக் கணக்கில் முகாமில் தங்குவோரோடு அங்கே பணியாற்றுவோரையும் சேர்க்க வேண்டும். கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் நாளைக் கடத்தும் பெண் காவலரும் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் நம்மிடையே இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்பும் நிலைக்கு அவர்களைத் தள்ளுவது அநியாயம்.

மனமும் களைக்கும். குழந்தையின் உடலைத் தூக்கியவருக்குத் தூக்கம் கெடுவதும், சட்டென்று கோபம் வருவதும், சாப்பாடு இறங்காததும் இயல்புதான். பலருக்குச் சில வாரங்களில் தணியும். ‘என்ன பார்த்தாய், விவரமாகச் சொல்’ என்று வற்புறுத்திப் பேசவைப்பது நல்லதல்ல. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருங்கள். பேசினால் கேளுங்கள். ஒரு மாதமாகியும் தணியவில்லை என்றாலோ, குடி கூடினாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

[காட்சி: ஒரு கிராமத்தின் பெயர்ப் பட்டியல், வெற்றுக் கட்டங்களுடன்.]

சீருடை அணிந்தவர்களின் பெயர்கள் எங்காவது பதிவில் இருக்கும். ஃபைபர் படகைக் கொண்டுவரும் மீனவர், வெளியூரிலிருந்து வந்து கம்பம் நடும் மின் ஊழியர், சேறு அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எதிலும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, ஊராட்சியில் இதைக் கேளுங்கள்: அவர்கள் பெயர், ரத்த வகை, டெட்டனஸ் ஊசி போட்ட தேதி, வீட்டில் யாரை அழைப்பது, இரண்டாம் நாள் அவருக்குப் பதில் இறங்கப் போவது யார். கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.