கூடம் கோணல் இல்லை

அவைத்தலைவர் அவர்களே, தமிழ்ச் சங்கச் செயற்குழுப் பெருமக்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பள்ளி வாரிய உறுப்பினர் அவர்களே, வாரம் தவறாமல் ஊதியமின்றி அகரம் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, அடுக்களைப் பணிக்கு நடுவிலும் செவிகொடுக்கும் சகோதர சகோதரிகளே, சிகாகோ புறநகரின் தமிழ்ப் பெற்றோரே, வணக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கறுப்பினப் பிள்ளைகள் தேர்வில் பின்தங்கியபோதெல்லாம் அமெரிக்கப் பள்ளிகள் பலவும் இதைத்தான் சொல்லிவந்தன. வீடு சரியில்லை, பேச்சு சரியில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. அந்தப் பேச்சை மறுத்துக் காட்டியவர் கிளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். ஃபிலடெல்பியாவில் பிறந்தவர், விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கறுப்பினக் கல்வியாளர். அவருடைய ஆய்வு, அவர் சொன்ன கல்விக் கடன், ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றைப் பற்றியும் பேச நினைத்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று பலரும் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. இவர்களை ஜெயிக்க வைக்கும் ஆசிரியர்கள் யார் என்று தேடிப் போனார் அவர். வட கலிபோர்னியாவில் கறுப்பினக் குடும்பங்கள் மிகுந்த, வருமானம் குறைந்த ஒரு பள்ளி மாவட்டம், அதாவது ஒரே வாரியத்தின் கீழ் இயங்கும் பள்ளிகளின் வட்டாரம். நல்லாசிரியர் யார் என்று பெற்றோரிடம் ஒரு பட்டியல் வாங்கினார், தலைமையாசிரியர்களிடம் இன்னொன்று. இரண்டிலும் இருந்தவர்கள் 9 பேர். ஒருவருக்கு நேரம் ஒழியவில்லை. 8 பேர் இசைந்தார்கள். அவர்களில் ஐவர் கறுப்பினத்தவர், மூவர் வெள்ளையர். ஆகவே ஆசிரியரின் நிறம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை.

அவர்களுடைய வகுப்புகளில் அமர்ந்து பார்த்து அவர் கண்டவை மூன்று. பிள்ளை உண்மையாகவே பாடத்தில் தேற வேண்டும். தன் பண்பாட்டில் வேரூன்றிக்கொண்டே இன்னொரு பண்பாட்டிலும் புழங்கப் பழக வேண்டும். சமூகத்தில் நடக்கும் அநீதியைக் கேள்வி கேட்கும் தெளிவு வேண்டும். 1995-ல் அவர் எழுதிய கட்டுரைகளின் சாரம் இது. பள்ளிகள் பெரும்பாலும் தவறுவது எங்கே? நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து, கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு நாள் விழாவாக நடத்தி, மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன.

விழாவுக்கும் பாடத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு வகுப்பறையைக் கொண்டே சொல்கிறேன், கேளுங்கள். அந்த எட்டுப் பேரில் ஓர் ஆசிரியை, ஐந்தாம் வகுப்பு. மாணவர் ஒருவரின் வீட்டு அம்மா, சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை' (pie) என்னும் பூரணம் வைத்த பண்டம் சுடுவதில் அந்த வட்டாரத்திலேயே பேர் பெற்றவர். ஆசிரியை அவரை இரண்டு நாள் வகுப்புக்கு அழைத்தார். பொருள்களை ஆசிரியை வாங்கித் தந்தார், கைப்பக்குவம் அந்த அம்மாவுடையது. முதல் நாள் ஒரு சிறு குழுவுக்கு மாவு பிசைந்து அடித்தட்டு செய்யப் பழக்கினார். அது இரவெல்லாம் குளிர்பெட்டியில் இருந்தது. மறுநாள் பூரணம் செய்து காட்டினார். வெந்ததை வகுப்பே பகிர்ந்து உண்டது. விழா என்றால் இதோடு கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே பாடமே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சர்க்கரைவள்ளியை ஆராய்ந்த கறுப்பின அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றிப் பிள்ளைகள் அறிக்கை எழுத வேண்டும். சுவைச் சோதனை நடத்த வேண்டும். அந்தப் பண்டத்தை எப்படி விற்பது என்று திட்டம் வகுக்க வேண்டும். சமையற்கலைஞராக என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்து வர வேண்டும். வகுப்பில் ஒருவர் விடாமல் அந்த அம்மாவுக்கு விரிவான நன்றிக் கடிதம் எழுத வேண்டும். தச்சர், செவிலியர், தேவாலய இசைக்கலைஞர் என்று இன்னும் பலர் அப்படி வந்தார்கள். எல்லோரும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர், உறவினர். 'வீடு சரியில்லை' என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களே வகுப்பின் முன்னால் ஆசான்களாக நின்றார்கள். கூடம் நேராகத்தான் இருந்தது.

இனிக் கடன். 2006-ல் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை. ஓர் ஆண்டின் வரவுக்கு மேல் செலவானால் பற்றாக்குறை. அது ஆண்டாண்டாகச் சேர்ந்தால் கடன். மதிப்பெண் இடைவெளி இந்த ஆண்டின் பற்றாக்குறை என்றால், அடிமைகளுக்கு எழுத்தறிவைத் தடைசெய்த காலம் முதல் சேர்ந்தது கடன் என்றார். வரலாறு, பொருளாதாரம், அரசியல், அறம் என நான்கு வகை பிரித்தார். பொருளாதாரம் ஒன்றையே பார்ப்போம், அது நம் வாசலில் நிற்கிறது. அந்த உரையில் அவர் காட்டிய கணக்கு: சிகாகோ பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,482 டாலர், பக்கத்தில் உள்ள வசதி மிகுந்த புறநகரான ஹைலேண்ட் பார்க்கில் 17,291 டாலர். பள்ளி நிதியில் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வந்தால் இப்படித்தான் ஆகும்.

பெரியோர்களே, வீடு வாங்கும்போது பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தானே வாங்கினோம்? நம்மவர் இங்கே பெருமளவில் குடியேற வழிவிட்ட 1965 குடிவரவுச் சட்டம், கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திய உரிமைப் போராட்டத்தின் காலத்தில் பிறந்தது. அந்தக் கடனில் நமக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

இல்லினாய் 2017-ல் பள்ளி நிதிச் சட்டத்தை மாற்றியது. ஆண்டுதோறும் புதிதாகக் குறைந்தது 35 கோடி டாலர் சேர்ப்பது அதன் இலக்கு. பள்ளிகளுக்குப் பகிரும் புதுப் பணத்தில் 99 விழுக்காடு, தேவைக்கும் வசதிக்கும் இடையே பள்ளம் அதிகமுள்ள முதல் இரு அடுக்கு மாவட்டங்களுக்கே போகும். அந்தத் தொகையை உயர்த்தக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேச நேரமில்லை; அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பொறுத்தருள வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன். பள்ளி மாவட்டத்தின் வரைவு வரவுசெலவுத் திட்டம், பொது விசாரணைக்கு முன் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். வாரியக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. பச்சை அட்டையோ எச்1பி விசாவோ உள்ளவர்களும் பேசலாம். குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒற்றைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வாரியத் தேர்தல் உண்டு. நம் மாவட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு யார் யார் வருகிறீர்கள், இப்போதே கை தூக்குங்கள். பெயர் எழுதத் தாளோடு தம்பிகள் வருகிறார்கள்.