ஆட்டிசம் குழந்தைக்கு தெரபிஸ்ட் தேடுகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

குழந்தைக்கு ஆட்டிசம் என்று ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று ராத்திரியே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஸ்பீச் தெரபி, ஓடி, ஏபிஏ, சென்சரி தெரபி, ஸ்டெம் செல் என்று வரிசையாக வந்து விழும், விடிய விடியப் பார்த்தாலும் எதில் ஆரம்பிப்பது என்று மட்டும் பிடிபடாது. இந்த வீடியோவில் அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், அப்புறம் ஒரு தெரபிஸ்ட் தேறுவாரா மாட்டாரா என்று எதை வைத்து முடிவு செய்யலாம் என்பதற்கு வருவோம். முழுசாகப் பார்க்க நேரமில்லை என்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சென்டரில் எத்தனை ஊஞ்சல் தொங்குகிறது என்பதை விட்டுவிட்டு, உங்கள் குழந்தைக்கு என்ன கோல்ஸ், அதாவது எட்ட வேண்டிய இலக்குகள், எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் படியுங்கள்.

[திரையில்: லெவல் 1, லெவல் 2, லெவல் 3]

ரிப்போர்ட்டில் இப்படி ஒரு லெவல் போட்டிருக்கலாம். டாக்டர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டிலிருந்து இந்த முறை வந்தது. குழந்தைக்கு இன்றைக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பரீட்சை மார்க் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு மனசு உடைய வேண்டாம், வயது ஏற ஏற மாறவும் செய்யும்.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியிலேயே இருக்கும் வேறுபாடு, அதை எடுத்துவிடும் சிகிச்சை எதுவும் கிடையாது. அப்படியானால் தெரபி எதற்கு? வேண்டியதைக் கேட்க, வேண்டாததை மறுக்க, இன்னொருவரோடு சேர்ந்து விளையாட, தானே சட்டை போட்டுக்கொள்ள, கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில் தாக்குப்பிடிக்க. இதெல்லாம் பெரிய விஷயங்கள். ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே கிளம்பிவிடலாம், மேற்கொண்டு ஒரு கேள்வி கூடத் தேவையில்லை.

சரி, யார் என்ன செய்கிறார்கள்? ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச வைப்பவர் என்று நினைக்கிறோம், ஆனால் அவர் வேலை பேச்சுக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. கை காட்டுவது, திரும்பிப் பார்ப்பது, கொடுத்து வாங்குவது எல்லாமே அவர் கணக்கில் வரும். ஓடி என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பட்டன் போடுவது, பல் தேய்ப்பது, பென்சில் பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளையும், சத்தம், தொடுதல், வெளிச்சம் தாங்க முடியாத சிக்கல்களையும் பார்ப்பார். பிஹேவியர் தெரபிஸ்ட் ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று கவனித்து அதற்கேற்பப் புதிய திறமைகளைச் சொல்லித் தருவார். பேச்சு தாமதம் என்றால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் காது பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். டிவி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள், சில சத்தங்கள் மட்டும் கேட்காமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பட அட்டையோ டேப்லெட்டோ கொடுத்தால் அப்புறம் வாயைத் திறந்து பேசவே மாட்டானே என்ற பயம் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. இது தேவையில்லாத பயம். படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் முறை 1985-லிருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட மாற்று வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கட்டுரையில், நம்பகமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் இவற்றால் ஒருவருக்குக் கூடப் பேச்சு குறையவில்லை, பலருக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்தது. பேச்சு வரும்போது வரட்டும், அதுவரைக்கும் தலைவலி என்று சொல்லக்கூட வழி இல்லாமல் ஒரு குழந்தை ஏன் இருக்க வேண்டும்?

[திரையில்: ஏபிஏ]

ஏபிஏ என்பது முன்னால் சொன்ன பிஹேவியர் தெரபிஸ்ட் செய்யும் பயிற்சி முறை, அதிகம் சண்டை நடப்பது இதில்தான். 1987-ல் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். வாரத்துக்கு 40 மணி நேரம் தனியாகப் பயிற்சி கொடுத்த 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள் என்றது அது. அந்த 40 மணி நேரக் கணக்கு இன்னும் சென்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் எந்தக் குழந்தை எந்தக் குழுவுக்குப் போவது என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, சத்தமாக அதட்டுவதும் சில நேரம் தொடையில் அடிப்பதும் கூட அந்தப் பயிற்சியில் இருந்தது. இந்த முறையில் வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்றைக்குக் கோபமாகப் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இப்போது நன்றாகச் செய்கிறவர்கள் விளையாட்டோடு கலந்துதான் செய்கிறார்கள். ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல் என்பது அப்படி ஒன்று, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஆய்வு 2010-ல் வந்தது.

நல்ல செஷன் ஒன்று எப்படி இருக்கும் என்று பாருங்கள். தெரபிஸ்ட் தரையில் குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுகிறார். குழந்தை குதிக்கிறது. சட்டென்று மூடியைத் திருகிவிட்டு பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை பாட்டிலைப் பார்க்கிறது, மூடியைச் சுரண்டிப் பார்க்கிறது, அப்புறம் அரை விநாடி அவர் முகத்தைப் பார்க்கிறது. அவ்வளவுதான், “ஊது!” என்று சொல்லி உடனே ஊதுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுதான், ஆனால் இன்னொரு ஆளிடம் கேட்டால் கிடைக்கும் என்பதைக் குழந்தை அங்கே கற்றுக்கொண்டிருக்கிறது. குழந்தை நாற்காலியில் அழுதுகொண்டே இருக்க, “சிவப்பு எது, சிவப்பு எது” என்று அட்டைகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால் அது வேறு கதை.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கும் இப்போது பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 144 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், மணி நேரம் கூடக் கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே யாராவது வாரம் 40 மணி என்று பயமுறுத்தினால், என் குழந்தைக்கு ஏன் அவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் செய்வதும் கணக்கில் சேரும். பேக்ட் என்ற முறையில் தெரபிஸ்ட் பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்து, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான் பாருங்கள் என்று காட்டிச் சொல்லித் தருகிறார். சுமார் 6 வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்ததாக 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

இப்போது அந்தக் கோல்ஸ் தாளுக்கு வருவோம். “கவனத்தை மேம்படுத்துதல்”, “சமூகத் திறன் வளர்த்தல்” என்று எழுதியிருந்தால் அது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும், உங்கள் குழந்தையைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியாது. “விளையாட்டுச் சாமான் வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுக்காமல் படத்தை எடுத்துக் கொடுப்பான், 10 தடவையில் 8 தடவை” என்று இருந்தால் வீட்டில் நீங்களே எண்ணிப் பார்த்துவிடலாம். கண்ணைப் பார்க்க வைப்பது, கையை உதறாமல் நிறுத்துவது என்று கோல் இருந்தால் எதற்காக என்று கேளுங்கள். யாருக்கும் அடிபடவில்லை என்றால் கையை உதறிவிட்டுப் போகட்டுமே.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை. உங்கள் படிப்பும் பதிவும் என்ன, தினமும் குழந்தையோடு உட்காரப் போவது நீங்களா உங்கள் உதவியாளரா, உதவியாளர் என்றால் அவரை யார் மேற்பார்வை செய்கிறார், குழந்தை மறுத்து அழுதால் என்ன செய்வீர்கள், நான் உள்ளே வந்து பார்க்கலாமா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். பெற்றோர் இருந்தால் குழந்தைக்குக் கவனம் சிதறும் என்பார்கள், சில நாள் அது உண்மையாகவும் இருக்கலாம், அப்படியானால் கண்ணாடி வழியாகவோ வீடியோவிலோ காட்டட்டும். எந்த வழியிலும் பார்க்க விடாத இடத்தில் பேசத் தெரியாத குழந்தையை விடாதீர்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டுக்கும் அமெரிக்காவில் 2006, 2009-ல் அனுமதி கிடைத்தது, ஆட்டிசத்தோடு வரும் கடுமையான எரிச்சல், தன்னையே அடித்துக்கொள்வது போன்றவற்றுக்காக. பேச்சை வரவழைக்கும் மருந்துகள் இல்லை இவை, எடை கூடும் என்பதால் டாக்டர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். திடீரென்று ஒரு குழந்தை தலையை முட்ட ஆரம்பித்தால் மருந்துக்கு முன்னால் காது, பல், வயிறு, மலச்சிக்கல், தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத்தை வெளியேற்றும் கீலேஷன், ஆக்சிஜன் அறை, ப்ளீச் கலந்த சொட்டு மருந்து, இவை பக்கம் போகவே வேண்டாம். கீலேஷன் ஊசி போட்டு 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான்.

ஒரு தெரபிஸ்ட்டோடு மூன்று மாதம் போன பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். எந்தக் கோல் நகர்ந்தது, நகராததற்கு என்ன மாற்றினார் என்று கேளுங்கள். நகராமல் இருப்பது சகஜம்தான், ஆனால் அதே கோலை அதே மாதிரி அடுத்த மூன்று மாதத்துக்கும் எழுதிக் கொடுத்தால் வேறு ஆளைப் பார்க்க யோசிக்கலாம். மாறும்போது சங்கடப்பட்டுக்கொண்டு சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அசெஸ்மென்ட் ரிப்போர்ட், கோல்ஸ், முன்னேற்றக் குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாக வருபவர் உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி முதலிலிருந்து சொல்லித் தந்து நாளை ஓட்ட மாட்டார்.