கோட்டுக்கு உள்ளே ஓடினார், ஆட்டமே முடிந்தது! ஜப்பானைக் கலக்கிய குளோசர் டென்னிஸ் சர்ஃபேட்

வணக்கம் மக்களே! ஒரு நாட்டின் மிகப்பெரிய பேஸ்பால் தொடர், கோப்பையை முடிவு செய்கிற கடைசி அவுட். கேட்ச் இல்லை, ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட் ஆவது) இல்லை. பேட்டர் தப்பான பாதையில் ஓடினார் என்று அம்பயர் கையைத் தூக்க, ஆட்டம் முடிந்தது. அந்தப் பந்தைப் போட்டவர்தான் இன்றைய ஆள், டென்னிஸ் சர்ஃபேட். ஸ்கிப் பண்ணாதீர்கள், அந்த ஓட்டத்துக்கு வருகிறேன்.

முன்கதை சீக்கிரமாக. 1981இல் நியூயார்க்கில் பிறந்தவர். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகில் ப்ரூவர்ஸ், ஆஸ்ட்ரோஸ், ஓரியோல்ஸ் என மூன்று அணிக்கும் சேர்த்து 92 ஆட்டம், அவ்வளவுதான். 2011இல் ஜப்பான் போனார்.

அங்கே அவர் வேலை குளோசர், அதாவது ஆட்டத்தை முடிக்கக் கடைசியில் வருகிற மாற்றுப் பந்துவீச்சாளர் (ரிலீஃப் பிட்சர்). டெத் ஓவர் போடும் பும்ரா மாதிரி என்று வையுங்கள், ஆனால் பும்ராவுக்கு ஆறு பந்து ஒழுங்காகப் போட்டால் ஓவர் முடிந்துவிடும், மிச்சம் வேறொருவர் தலைவலி. இவருக்கு அப்படி இல்லை. மூன்று பேரை அவுட் ஆக்கும்வரை, பத்துப் பந்தானாலும் நாற்பது பந்தானாலும், மேனேஜர் வந்து பந்தை வாங்கினால் ஒழிய பந்து போடும் மேடான மவுண்டைவிட்டு இறங்க முடியாது. மூன்று ரன்னுக்குள் முன்னிலை இருக்கும்போது வந்து கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தால் கணக்கில் ஒரு ‘சேவ்’. வேறு வழிகளும் உண்டு, விடுங்கள்.

ஹிரோஷிமா கார்ப்பில் முதல் வருடம் 35 சேவ், அடுத்த வருடம் வெறும் 9, அப்புறம் செய்பு லயன்ஸில் 10. 2014இல் ஃபுகுவோகா சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் எடுத்தது.

[திரையில்: 2014 ஜப்பான் சீரிஸ், ஐந்தாவது ஆட்டம்]

இப்போது அந்த ஓட்டம். ஜப்பான் சீரிஸ்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பெரிய தொடர். எதிரணி ஹான்ஷின் டைகர்ஸ். ஹாக்ஸ் 1-0 முன்னிலை, ஜெயித்தால் கோப்பை. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் நம்ம ஆள் மூன்று பேருக்கு வாக் (நான்கு தப்பான பந்து போட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்து மூன்று பேஸையும் நிரப்பிவிட்டார்! எல்லாம் சும்மா கொடுத்தது. அதுவரை ஒரே ஒரு அவுட், இன்னும் இரண்டு வேண்டும். பேட்டர் நிஷியோகா. இதில் எனக்குப் பிடித்த விஷயம், சர்ஃபேட் ஜப்பானுக்கு வந்த அதே 2011இல்தான் நிஷியோகா எதிர்த்திசையில் அமெரிக்காவுக்கு, மினசோட்டா ட்வின்ஸுக்கு ஆடப் போனார்.

நிஷியோகா அடித்தது தரையோடு உருண்டு முதல் பேஸ்காரரிடம் போகிறது. அவர் ஹோமுக்கு (பேட்டர் நிற்கும் இடம், ரன்னர் அங்கே வந்து தொட்டால் ரன்) எறிய, ஓடிவந்த ரன்னர் அவுட், இது இரண்டாவது. ஹோமில் நிற்கும் கேட்சர் உடனே முதல் பேஸுக்கு எறிகிறார், பந்து ஓடிக்கொண்டிருந்த நிஷியோகாமேல் பட்டுத் தெறிக்கிறது. அடுத்த ரன்னர் ஹோமைத் தொட, 1-1 என்று டைகர்ஸ் நினைக்கிறார்கள். அம்பயர் இல்லை என்கிறார்! அன்றைய விதிப்படி, முதல் பேஸுக்கான ஓட்டத்தின் பின்பாதியில், ஹோமிலிருந்து அங்கே போகும் கோட்டுக்கு வலப்பக்கம் மூன்று அடி அகலத்தில் பாதை, அதற்கு வெளியே ஓடி எறிதலைப் பிடிப்பவருக்கு இடைஞ்சல் செய்தால் அவுட். நிஷியோகா கோட்டுக்கு உள்பக்கம் ஓடியிருந்தார், அதுவே மூன்றாவது அவுட். ஹாக்ஸ் சாம்பியன். டைகர்ஸ் ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, அம்பயர் சொன்னது சரி.

2017இல் வாக் கொடுக்கும் அந்த ஆளா இவர் என்று கேட்கிற மாதிரி ஆடினார். 66 இன்னிங்ஸில் 102 ஸ்ட்ரைக்அவுட், 54 சேவ். ஜப்பானில் அதற்கு முந்தைய சாதனை 46தான்! ஹாக்ஸ் அந்த சீசனில் ஜெயித்ததே 94 ஆட்டம், அதில் பாதிக்கும் மேல் இவர் முடித்துக் கொடுத்தது. மேஜர் லீக் சாதனை 62 என்று யாராவது கிளம்பினால், அங்கே ஒரு அணிக்கு 162 ஆட்டம், இங்கே 143 என்று சொல்லுங்கள். லீக் எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது), ஜப்பான் சீரிஸ் எம்விபி இரண்டும் அவருக்கே.

அடுத்த வருடம் ஆறே ஆட்டம், இடுப்பு மூட்டு போய்விட்டது. ஹாக்ஸின் பிரதான அணிக்குத் திரும்பவே இல்லை, 2021இல் ஓய்வு. ஜப்பானில் மொத்தம் 234 சேவ், அவர் ஓய்வு பெற்றபோது வெளிநாட்டவர்களில் அதுதான் அதிகம். ஆனால் ஜப்பானின் ஜாம்பவான்கள் சங்கமான மெய்க்யூகாயில் சேர குளோசருக்கு வழக்கமாக 250 வேண்டும். பதினாறு குறைவு! 2017 வேகத்தில் அது இரண்டு மாத வேலை. இவர் விஷயத்தில் கறாராக எண்ணிக்கை பார்ப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது, நீங்கள் சங்கத்தின் கட்சி என்றால் கமெண்டில் வாருங்கள், சண்டை போடலாம்.